எஸ்பிரெசோ மெஷின் மக்கர் செய்கிறதா? தண்ணீர் போகும் வழியில் தேடுங்கள்

எஸ்பிரெசோ மெஷினில் காபி சரியாக வரவில்லை என்றதும் பலரும் முதலில் சொல்வது, "பம்பு போய்விட்டது." பம்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. வீட்டு மெஷின்களில் அடிக்கடி வரும் கோளாறுகளை மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம்: எங்கேயோ ஓர் அடைப்பு, எங்கேயோ காய்ந்து இறுகிப்போன ரப்பர், அல்லது காபித்தூளின் அரவை சரியில்லை. மூன்றையுமே வீட்டில் உட்கார்ந்து சரிசெய்யலாம். கழற்றுவதும் மாட்டுவதும் கை பழகினால் வந்துவிடும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் வழி ஒன்றே ஒன்று. தண்ணீர் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியில் நீங்களும் போங்கள். எந்த இடம் வரை தண்ணீர் ஒழுங்காக வருகிறது, எந்த இடத்துக்குப் பிறகு வரவில்லை என்று தெரிந்துவிட்டால், பழுது அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில்தான் இருக்கும்.

தண்ணீரின் பாதை

பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து கிளம்பும் தண்ணீர் ஒரு மெல்லிய குழாய் வழியே பம்புக்குப் போகிறது. பெரும்பாலான வீட்டு மெஷின்களில் இருப்பது அதிர்வுப் பம்பு. உள்ளே ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) ஒரு சிறிய பிஸ்டனும் இருக்கும். மின்சாரத்தின் அலைக்கு ஏற்ப அந்தப் பிஸ்டன் விநாடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னும் ஓடும். 'டர்ர்ர்' என்று கேட்கும் சத்தம் அதுதான். பம்பைத் தாண்டியதும் ஒரு பிரஷர் வால்வு. அழுத்தம் அளவுக்கு மீறினால் மிச்சத் தண்ணீரைத் தொட்டிக்கோ கீழே உள்ள டிரேக்கோ திருப்பி விடுவது அதன் வேலை. அடுத்து பாய்லர், சில மாடல்களில் அதற்குப் பதிலாக உள்ளே வளைவுக் குழாய் பதித்த தெர்மோபிளாக். அங்கே சூடாகிய தண்ணீர், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வைத் தாண்டி, கைப்பிடி மாட்டும் இடமான குரூப் ஹெட்டுக்கு வந்து, சல்லடை வழியே பிரிந்து, பாஸ்கெட் என்ற ஓட்டைக் கிண்ணத்தில் அமுக்கி வைத்த தூளின் மேல் இறங்கும்.

நல்ல எஸ்பிரெசோவுக்குத் தேவை ஏறக்குறைய 9 பார் அழுத்தமும், 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை சூடான தண்ணீரும். மெஷின் பெட்டியின் மேல் பெரிதாக 15 பார் என்று அச்சடித்திருப்பார்கள். அது அந்தப் பம்பால் அதிகபட்சம் எவ்வளவு தள்ள முடியும் என்பதன் கணக்கு. காபிக்கு அவ்வளவு வேண்டாம், வந்தாலும் நல்லதில்லை. அழுத்தமானியில் 15 காட்டவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

தொடுவதற்கு முன்

இந்தப் பெட்டிக்குள் மெயின் மின்சாரம், கொதிநீர், அழுத்தம் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. மூடியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தது போதாது, பிளக்கே வெளியில் வந்து உங்கள் கண்ணெதிரே கிடக்க வேண்டும். ஸ்டீம் குமிழைத் திறந்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மெஷின் முழுவதும் ஆற ஒரு மணி நேரமாவது ஆகும், பித்தளை பாய்லர் கனமாக இருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். அப்புறம், எந்த ஒயரைக் கழற்றுவதானாலும் முதலில் போனில் ஒரு படம். ஒரே நிறத்தில் நான்கு ஒயர்கள் இருக்கும் மெஷின்கள் நிறைய உண்டு. மூடி திறந்திருக்கும்போது பிளக்கைச் செருகி "ஓடுகிறதா பார்க்கலாம்" என்ற யோசனையே வேண்டாம். இந்தக் கட்டுரையில் வரும் எந்தச் சோதனைக்கும் அது தேவைப்படாது. வாரண்டி முடியாத மெஷின் என்றால் மூடியைத் திறக்காமல் செய்யக்கூடியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நட்சத்திர முனையும் தட்டை முனையுமாக இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பேனர், பழைய டூத் பிரஷ், ஒரு மல்டிமீட்டர், டெஃப்லான் டேப், உணவுப் பொருளுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸ், சமையலறை எடைக்கருவி. கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே அதிகம் பயன்படும்.

முதல் சோதனை: காபி இல்லாமல்

கைப்பிடியை, அதாவது போர்ட்டாஃபில்டரை, முழுக்கக் கழற்றி வைத்துவிடுங்கள். மெஷின் சூடானதும் காபி பட்டனை அழுத்துங்கள். குரூப் ஹெட்டிலிருந்து தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்.

சல்லடையின் எல்லாப் பக்கமும் மழைபோல் தாராளமாக இறங்கினால் பம்பும் பாய்லரும் வால்வும் நன்றாக இருக்கின்றன. உங்கள் சிக்கல் தூளிலோ பாஸ்கெட்டிலோ இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கோணலாகப் பீய்ச்சினால் சல்லடை அடைத்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ அடுத்து ஸ்டீம் குழாயைத் திறந்துவிட்டுப் பம்பை ஓட்டுங்கள். வெந்நீர் வரும் மெஷின் என்றால் வெந்நீர் பட்டனை அழுத்துங்கள். அந்த வழியில் தண்ணீர் நன்றாக வந்தால் பம்பு வரை பழுதில்லை, அடைப்பு சோலினாய்டு வால்விலோ சல்லடையிலோ இருக்கிறது. அந்த வழியிலும் வராவிட்டால் கோளாறு பின்பக்கம்: தொட்டி, குழாய், பம்பு அல்லது பாய்லரின் வாய். (பெரிய பாய்லர் உள்ள மெஷின்களில் வெந்நீர் வேறு பாதையில் வரும், அங்கே இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது.)

ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவர்கள்தான் தேவையில்லாமல் பம்பு வாங்குகிறார்கள்.

தூள் பக்கம்

காபி இல்லாமல் தண்ணீர் நன்றாக வருகிறது, காபி போட்டால் மட்டும் வரவில்லை அல்லது குபுகுபுவென்று கொட்டுகிறது என்றால் மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 18 கிராம் தூள் போட்டால் 25 முதல் 30 விநாடிக்குள் ஏறக்குறைய 36 கிராம் காபி இறங்க வேண்டும். இதை அளவுகோலாக வையுங்கள். 10 விநாடியில் இறங்கிவிட்டால் அரவை கொரகொரப்பு, இன்னும் நைஸாக அரைக்க வேண்டும். ஒரு நிமிடம் ஆகியும் சொட்டிக்கொண்டே இருந்தால் நைஸ் அதிகம். தூளின் எடையை மாற்றாமல் அரவையை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நேற்று வரை சரியாக வந்தது, புதுப் பாக்கெட் பிரித்ததும் கெட்டுவிட்டது என்றாலும் காரணம் அரவைதான். வறுத்து நாளான கொட்டையில் வாயு குறைந்துவிடும். தண்ணீருக்கு எதிர்ப்பு குறைந்து சீக்கிரம் ஓடிவிடும்.

ஆரம்பநிலை மெஷின்களோடு வரும் பாஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நிறைய ஓட்டைகள், வெளிப்பக்கம் நடுவில் ஒரே ஓர் ஊசித்துளை என்று இருந்தால் அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். அந்த ஒற்றைத் துளையில் ஒரு காபித் துகள் சிக்கினால் போதும், மெஷினே செத்துவிட்டதுபோல் தெரியும். வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் குத்தி எடுத்துவிடலாம்.

சல்லடையும் கேஸ்கெட்டும்

கைப்பிடியின் ஓரமாகக் காபி வழிந்து கப்பின் வெளிப்பக்கம் ஒழுகுகிறதா? கைப்பிடி முன்பு நின்ற இடத்தைத் தாண்டி வலப்பக்கம் அதிகமாகத் திரும்புகிறதா? கேஸ்கெட் முடிந்துவிட்டது. குரூப் ஹெட்டின் உள்விளிம்பில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம் அது. தினமும் சூட்டில் வெந்து வெந்து ஒன்றிரண்டு வருடத்தில் பிளாஸ்டிக்போல் இறுகிவிடும். புது மெஷின் வாங்க நினைக்கும் அளவுக்குக் கவலைப்படுத்தும் இந்தக் கோளாறு, ஒரு வளையத்தை மாற்றினால் தீர்ந்துவிடும்.

மாற்றும் முறை இது:

1. மெஷின் லேசான சூட்டில், கை வைக்கும் பதத்தில் இருக்கட்டும். முழுக்கக் குளிர்ந்த ரப்பர் உடைந்து உடைந்து வரும், வேலை இரட்டிப்பாகும். பிளக் வெளியில் இருக்க வேண்டும்.
2. சல்லடையின் நடுவில் ஒரு ஸ்க்ரூ இருந்தால் கழற்றுங்கள். சில குரூப்களில் ஸ்க்ரூவே இருக்காது. 1961-இல் இத்தாலிய நிறுவனமான ஃபயேமா கொண்டுவந்த ஈ61 குரூப்பும் அதைப் பார்த்துச் செய்தவையும் அப்படி. அவற்றில் சல்லடை கேஸ்கெட்டோடு இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்து நெம்பி எடுக்க வேண்டும்.
3. ஸ்க்ரூ டிரைவரின் மெல்லிய முனையை ரப்பருக்குள் குத்தி, உலோக விளிம்பில் முட்டுக்கொடுத்து கீழ்நோக்கி நெம்புங்கள். ஒரே இடத்தில் பலம் போடாமல் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. ரொம்ப முரண்டு பிடித்தால் ரப்பரில் ஒரு சிறிய மர ஸ்க்ரூவை முறுக்கி, அதைக் குறடால் பிடித்து இழுங்கள். பழையது பாழானால் பரவாயில்லை, உலோகப் பள்ளத்தில் கீறல் விழக்கூடாது.
4. வெளியே வந்ததும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பாருங்கள். ஒரு பக்க விளிம்பு சரிவாகச் சீவியதுபோல் இருக்கும் கேஸ்கெட்டுகள் உண்டு, புதியதும் அதே திசையில் போக வேண்டும்.
5. பள்ளத்தை எட்டிப் பாருங்கள். கரிய, எண்ணெய்ப்பசையான, தார்போன்ற ஒரு படிவு ஒட்டியிருக்கும். வெந்நீரில் நனைத்த டூத் பிரஷால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். இந்தப் படிவு துளி மிச்சமிருந்தாலும் புது கேஸ்கெட் சமமாக உட்காராது, மறுபடியும் ஒழுகும். காபியில் வரும் பழைய எண்ணெய் வாடைக்கும் பாதிக் காரணம் இந்தப் படிவுதான்.
6. புது வளையத்தைச் சுற்றிலும் விரலால் ஏற்றிவிட்டு, தூளில்லாத கைப்பிடியை மாட்டி மெல்லத் திருப்பி இறுக்கினால் அது சமமாக மேலே ஏறிவிடும். சல்லடையைக் கழுவி, ஸ்க்ரூவை மாட்டுங்கள்.

வாங்கும்போது மெஷினின் மாடல் பெயரோடு கேஸ்கெட்டின் கனத்தையும் பாருங்கள். ஒரே விட்டத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பல கனங்கள் விற்கிறார்கள். ரப்பரைவிடச் சிலிக்கான் வளையம் நான் விரும்புவது. சூட்டில் சீக்கிரம் இறுகாது, அடுத்தமுறை கழற்றவும் சுலபம்.

பம்பு கத்துகிறது, தண்ணீர் வரவில்லை

இதில் பாதிக்குமேல் காற்றடைப்பாகத்தான் இருக்கும். தொட்டி காலியான நிலையில் பம்பு ஓடினாலோ, மெஷின் வெகுநாள் சும்மா கிடந்தாலோ குழாயில் காற்று புகுந்துவிடும். அதிர்வுப் பம்பு தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளத் திணறும். சத்தத்திலேயே தெரியும். தண்ணீரோடு ஓடும் பம்பு கனத்த குரலில், அடக்கமாக முனகும். காற்றோடு ஓடும்போது சத்தம் உயர்ந்து கடகடவென்று கத்தும்.

முதலில் தொட்டியை எடுத்து, அடியில் இருக்கும் சிறிய வால்வை விரலால் அமுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் வைத்த அந்த வால்வு சரியாகத் திறக்காவிட்டால் தண்ணீரே வெளியில் வராது. தொட்டிக்குள் ஃபில்டரோ, தண்ணீரை மென்மையாக்கும் பையோ போட்டிருந்தால் வெளியே எடுத்துவிட்டுச் சோதியுங்கள். பழையதாகி அடைத்திருக்கலாம். தொட்டியை நிறைய நிரப்பி, அழுத்தி உட்காரவைத்து, ஸ்டீம் குழாயைத் திறந்துவிட்டுப் பம்பை 20 விநாடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், மறுபடி ஓட்டுங்கள். திறந்த வழியில் காற்று வெளியேறிவிட்டால் சத்தம் சட்டென்று கனக்கும். அதற்கும் மசியாவிட்டால் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சால், பிளக்கைப் பிடுங்கிய பிறகு, தொட்டி உட்காரும் வாயில் தண்ணீரை அழுத்தி ஏற்றுங்கள். தண்ணீர் பம்பை எட்டிவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

பம்பை ஒரே மூச்சில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். இந்த வகைப் பம்புகள் விட்டுவிட்டு ஓடுவதற்காகச் செய்தவை. சூடு ஏறினால் அதிலிருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் நிறுத்திவிடும். திடீரென்று நின்றுபோனால் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

சத்தமே இல்லையா? பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது காயில் கருகிவிட்டது. இங்கே மல்டிமீட்டரை நம்பி ஏமாறக்கூடாது. பல பம்புகளின் காயிலோடு ஒரு டையோடு தொடராக இருக்கும். சாதாரண ஓம் அளவில் வைத்தால் நல்ல பம்புகூட அறுந்ததுபோல் காட்டும். அதைப் பார்த்துப் பம்பைத் தூக்கிப் போடாதீர்கள். இணைப்பு ஒயர்கள் இறுக்கமாக இருக்கின்றனவா, தண்ணீர் இல்லை என்று சொல்லும் மிதவை சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டி நிறைய இருந்தும் மெஷின் ஓட மறுத்தால் பலசமயம் அந்த மிதவைதான் காரணம்.

த்ரீ-வே வால்வு

காபி இறங்கியதும் பட்டனை அணைத்தால் 'புஸ்' என்ற ஓசையோடு டிரேயில் கொஞ்சம் தண்ணீர் கொட்டுகிறதா? உங்கள் மெஷினில் த்ரீ-வே சோலினாய்டு வால்வு இருக்கிறது. பட்டனை அழுத்தும்போது பாய்லரிலிருந்து குரூப்புக்கு வழி திறக்கும். அணைத்ததும் அந்த வழியை மூடி, காபி வில்லையின் மேல் நிற்கும் அழுத்தத்தை டிரேக்குக் கழற்றிவிடும். வில்லை காய்ந்து கெட்டியாக வெளிவருவது இதனால்தான். வீட்டு மெஷினுக்குள் இருக்கும் பாகங்களிலேயே இதைப் புரிந்துகொள்வதில் செலவிடும் நேரம்தான் மிகப் பயனுள்ளது என்பேன், ஏனென்றால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததுபோல் தெரியும் பல கோளாறுகள் இந்தச் சிறிய பித்தளைத் துண்டில் வந்து முடிகின்றன.

'புஸ்' ஓசை வராமல், கைப்பிடியைத் திருப்பியதும் ஈரத்தூள் தெறித்தால் வெளியேற்றும் வழி அடைத்திருக்கிறது. காபி இறங்கிக்கொண்டிருக்கும்போதே டிரேயிலும் தண்ணீர் ஓடி அழுத்தம் ஏறாவிட்டால் அந்த வழி சரியாக மூடவில்லை. சில மாடல்களில் பிரஷர் வால்வின் குழாயும் டிரேயில் முடிவதால் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போதே குரூப்பிலிருந்து விடாமல் சொட்டினால் வால்வின் பாய்லர் பக்கத்து இருக்கையில், அதாவது வால்வு மூடி உட்காரும் வாயில், ஏதோ துகள் சிக்கியிருக்கிறது. சூடேறும்போது ஓரிரு துளி மட்டும் சொட்டுவது தண்ணீர் விரிவதால், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பட்டனை அழுத்தியும் 'க்ளிக்' கேட்கவில்லை, குரூப்பில் தண்ணீரும் இல்லை என்றால் வால்வின் காயிலையோ அதற்கு வரும் ஒயரையோ சந்தேகப்படுங்கள்.

கழற்றுவதற்கு முன் கழுவிப் பாருங்கள். ஓட்டையில்லாத பாஸ்கெட்டைக் கைப்பிடியில் போட்டு, எஸ்பிரெசோ மெஷினுக்கென்றே விற்கும் சுத்தப்பொடி அரை டீஸ்பூன், சுமார் 3 கிராம், போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம், நுரையைக் கழுவித் தீர்க்க முடியாது. மாட்டி, 10 விநாடி பம்பு, 10 விநாடி ஓய்வு. ஐந்து முறை. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் டிரேயில் விழும் தண்ணீரைப் பாருங்கள். முதலில் அடர் பழுப்பு, பிறகு வெளிர் பழுப்பு, கடைசியில் நிறமில்லாமல். அப்புறம் பொடியில்லாமல் அதே ஐந்து முறை. த்ரீ-வே வால்வு இல்லாத மெஷினில் இதைச் செய்யவே கூடாது. அழுத்தம் வெளியேற வழி இருக்காது, கைப்பிடியைக் கழற்றும்போது வெந்நீர் கையில் அடிக்கும்.

கழுவியும் தீராவிட்டால் திறக்கலாம். பிளக் வெளியில், மெஷின் ஆறியிருக்க, ஒயரின் படம் எடுத்தாயிற்று. வால்வின் தலையில் ஒரு நட்டு. அதை எடுத்தால் காயில் மேலாகக் கழன்று வரும். கீழே உள்ள தண்டை ஸ்பேனரால் திருகி எடுத்தால் உள்ளே விரல் நுனி அளவுக்கு ஓர் இரும்புக் கட்டை, அதோடு ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் எடுங்கள். கட்டையின் முனையில் பதித்த ரப்பரை வெளிச்சத்தில் பாருங்கள். லேசான வட்டத் தடம் இருப்பது இயல்பு. தடம் ஆழமாக வெட்டியிருந்தாலோ ரப்பர் உப்பியிருந்தாலோ கட்டையை மாற்ற வேண்டும். பெரும்பாலும் நீங்கள் காணப்போவது வெள்ளையாக ஒரு சுண்ணாம்புத் துணுக்கு, அல்லது காபித்தூள் சேறு. உலோகத் துண்டுகளை வெந்நீரில் சிட்ரிக் அமிலம் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, நைலான் முடியால் துளைகளைக் குத்திவிடுங்கள். இரும்பு ஊசி வேண்டாம், வால்வின் இருக்கை கீறினால் பிறகு என்ன செய்தாலும் மூடாது. காயில் மேல் தண்ணீர் படக்கூடாது.

சுண்ணாம்புப் படிவு

கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் சூடு ஏற ஏற கார்பனேட்டாகப் பிரிந்து படியும். அதனால்தான் படிவு குளிர்ந்த தொட்டியில் இல்லாமல் ஹீட்டரின் மேல்தான் கனமாகச் சேர்கிறது. தண்ணீர் வரத்து மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால், சூடேற நேரம் கூடினால், இதுதான்.

சிட்ரிக் அமிலம், கடைகளில் எலுமிச்சை உப்பு என்றும் கேட்டு வாங்கலாம், லிட்டருக்கு 20 கிராம் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். ஃபில்டரை முன்பே எடுத்துவிட வேண்டும். ஹீட்டரை அணைத்த நிலையில் குரூப் வழியே ஒரு கப், ஸ்டீம் குழாய் வழியே ஒரு கப் விட்டு, 15 நிமிடம் நிறுத்திவையுங்கள். மறுபடி இப்படியே தொட்டி தீரும் வரை. பிறகு நல்ல தண்ணீர் இரண்டு தொட்டி நிறைய விட்டு அலச வேண்டும். வினிகரை நான் சிபாரிசு செய்வதில்லை, அதன் வாடை ரப்பரில் ஏறினால் வாரக்கணக்கில் போகாது. அலுமினிய பாய்லர் என்றால் அமிலத்தை உள்ளே இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். வெளியே வரும் தண்ணீரில் நீலம் அல்லது பச்சை தெரிந்தால் செம்பும் பித்தளையும் கரைய ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். உடனே நிறுத்தி அலசுங்கள்.

இரண்டு பாய்லர் மெஷின்களையும், பாய்லருக்குள் தனிக் குழாய் ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மெஷின்களையும் இப்படிக் கழுவ அவசரப்பட வேண்டாம். பெயர்ந்து வரும் துண்டுகள் உள்ளே இருக்கும் மெல்லிய துளைகளில் போய் மாட்டிக்கொண்டால் முன்பைவிடப் பெரிய தலைவலி. தயாரிப்பாளரின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே செய்யுங்கள்.

படிவே வராமல் பார்த்துக்கொள்வது இதைவிட நல்லது. தாது நீக்கிய தண்ணீரில் லிட்டருக்கு 0.1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கலந்தால் சுண்ணாம்பு சேர்வதற்கு வழியே இல்லை. வெறும் தாது நீக்கிய தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. மின்சாரம் கடத்துவதை வைத்து நீர்மட்டம் பார்க்கும் பாய்லர்களில், தண்ணீர் இருந்தும் இல்லை என்று மெஷின் நினைத்து நிரப்பிக்கொண்டே இருக்கும்.

சூடாகவில்லை, அல்லது மெயின் டிரிப் ஆகிறது

இங்கிருந்து மல்டிமீட்டர் வேலை. பிளக் வெளியில், ஹீட்டருக்கு வரும் ஒயர்களைக் கழற்றிவிட்டு அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஓம் அளவெடுங்கள். வர வேண்டிய எண்ணைக் கணக்குப் போடலாம்: மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி வாட்டால் வகுங்கள். 230 வோல்ட்டில் 1400 வாட் ஹீட்டருக்கு ஏறக்குறைய 38 ஓம். அதன் அருகில் வந்தால் ஹீட்டர் பிழைத்தது. முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது.

ஹீட்டர் நன்றாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியவை சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸும். தெர்மோஸ்டாட் பாய்லரின் மேல் பொத்தான்போல் உட்கார்ந்திருக்கும். காபிக்கு ஒன்று, ஸ்டீமுக்கு அதிக வெப்பத்தில் இன்னொன்று. குளிர்ந்த நிலையில் இரண்டிலுமே மீட்டர் 'பீப்' அடிக்க வேண்டும். தெர்மல் ஃபியூஸ் ஒரு முறை அறுந்தால் அறுந்ததுதான். அது ஏன் அறுந்தது என்று தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் அறுந்துபோகும். பாய்லர் தண்ணீரில்லாமல் காய்ந்ததா, தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். புதியதைச் சால்டர் வைக்காமல், ஒயரை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் இணைப்பால் மாட்டுங்கள், சால்டரின் சூட்டிலேயே அது அறுந்துவிடும். ஃபியூஸை எடுத்துவிட்டு ஒயரை நேராக இணைப்பது உயிருக்கு ஆபத்து. வேறு மென்மையான சொல்லில் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெஷினைப் போட்டதும் வீட்டின் மெயின் டிரிப் ஆகிறதா? ஹீட்டர் உறையில் மயிரிழை விரிசல் விழுந்து, உள்ளே காப்பாக இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூளில் ஈரம் ஏறியிருக்கலாம். அதன் வழியே மின்சாரம் பாய்லர் உடலுக்குக் கசியும். ஹீட்டர் முனைக்கும் பாய்லரின் உலோகத்துக்கும் நடுவே அளந்தால் மீட்டர் எதையும் காட்டக்கூடாது. எண் காட்டினால் ஹீட்டர் போய்விட்டது. சில மெஷின்களில் பாய்லரோடு சேர்த்துத்தான் மாற்ற முடியும். மீட்டர் ஒன்றும் காட்டாமலே டிரிப் ஆகிக்கொண்டிருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், மெல்லிய கசிவை அளக்க வேறு கருவி வேண்டும். எர்த் ஒயரைத் துண்டித்து ஓட்டிப் பார்க்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஸ்டீம் குழாய்

ஸ்டீம் பலவீனமாக வந்தால் முனையைக் கழற்றி ஊறவைத்து, துளைகளில் காய்ந்த பாலைக் குத்தி எடுங்கள். அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். பால் காய்ச்சி முடித்ததும் குழாய் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பாலை மேலே உறிஞ்சும். அதனால் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு ஒரு விநாடி ஸ்டீமை வெளியே விடுங்கள். ஒற்றை பாய்லர் மெஷினில் இன்னொரு வேலையும் உண்டு. ஸ்டீமுக்குப் பிறகு குரூப் வழியே தண்ணீர் விட்டு, பாய்லரை நிரப்பிக் குளிரவைத்த பிறகே அடுத்த காபி. இல்லாவிட்டால் தூள் தீய்ந்துபோகும், ஹீட்டரும் காயும்.

கீழே ஒழுகினால்

முதலில் டிரேயைக் காலி செய்து துடைத்துப் போடுங்கள். டிரே நிறைந்து வழிவதைக் கசிவு என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படி இல்லை என்று உறுதியானால் மெஷினின் அடியில் டிஷ்யூ காகிதங்களை விரித்து, எந்த மூலை முதலில் நனைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது நனைந்தால் தொட்டி வாயின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். பம்பு ஓடும்போது மட்டும் நனைந்தால் பம்புக்குப் பிந்திய இணைப்புகள். சூடேறிய பிறகு நனைந்தால் பாய்லரின் கேஸ்கெட்டோ ஸ்டீம் வால்வோ. ஆறவைத்து மூடியைத் திறந்ததும், காய்ந்துபோன தண்ணீர் விட்டுச் சென்ற வெள்ளைத் தடத்தைத் தேடுங்கள். தடத்தைப் பிடித்து மேலே போனால் அது தொடங்கும் இடம்தான் கசியும் இடம். ஓ-ரிங் என்றால் அதே அளவில் புதியது, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி. மரையுள்ள இணைப்பு என்றால் டெஃப்லான் டேப், மரை சுற்றும் திசையிலேயே மூன்று நான்கு சுற்று.

எல்லாம் முடிந்து மாட்டும்போது, மூடியை மூலைக்கு ஒன்றாக இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்துங்கள். அடியில் புது டிஷ்யூ. பிளக்கைச் செருகி, முதலில் காபி இல்லாமல் தண்ணீர், பிறகு ஓட்டையில்லாத பாஸ்கெட்டில் அழுத்தம் (த்ரீ-வே வால்வு இருந்தால் மட்டும்), பிறகு ஸ்டீம். மூன்றும் சரி என்றால் ஒரு காபி போட்டு அதைக் கொட்டிவிடுங்கள், சுத்தப்பொடியும் அமிலமும் மிச்சமிருந்தால் அதோடு போகட்டும். அரை மணி நேரம் கழித்து டிஷ்யூவைப் பாருங்கள். காய்ந்தே இருந்தால் மிச்ச ஸ்க்ரூக்களையும் போட்டுவிடலாம்.